திருப்பும் குழல், நிறுத்தும் குழல்

வகுப்பில் செய்துகாட்டப்போவதை முன்கூட்டி வீட்டில் செய்துபார்ப்பதுதான் சயன்ஸ் டீச்சர்களின் உயிரை வாங்குகிற வேலை. அதில் மாட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சீறல்

இருட்டியபின் எங்கள் அடுக்களையில் சீறல் சத்தம். ஆளை ஏற்றி விண்வெளிக்கு அனுப்பினார்களே, அந்தக் கலத்தை வாயு ஊதித் திருப்புகிற சின்னக் குழல்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். மூடிய டின்னில் எதிரெதிராக இரண்டு சாய்ந்த துளை போட்டு, கொஞ்சம் தண்ணீரோடு கயிற்றில் தொங்கவிட்டு, ஸ்டவ்வில் சூடாக்கினேன். ஆவி சீறியது, டின் சுழன்றது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தடதடத்தது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு மூலையில் ஒண்டினேன். எங்கள் பாறசாலை தமிழ்நாட்டோடு சேராமல் கேரளத்துப் பக்கமே நின்றுபோய் வருஷங்கள் ஆகியும் என் வீட்டுக்காரருக்கு எல்லைப் போராட்டக் கூட்டம் ஓயவில்லை. போன கூட்டத்தில் இரண்டு பேரைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. வந்ததோ கம்பும் கையுமாகப் பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா. "பாம்புண்ணு ஓடி வாறேன், நீங்க டின்னையாக்கும் வளக்குதிய?"

மிச்சம்

"மேலே காற்று கிடையாது. ஒரு தடவை திருப்பினால் திரும்பிக்கொண்டே இருக்கும். நிறுத்த, எதிர்க்குழலை அதே அளவு ஊத வேண்டும். கொண்டுபோன வாயு தீர்ந்தால் தீர்ந்ததுதான்" என்றேன் மறுநாள் வகுப்பில். அன்று சாயங்காலம் நெய்யாற்றின்கரையில் என் வீட்டுக்காரருக்குக் கூட்டம். என் நினைப்பெல்லாம் அங்கே. பின்பெஞ்சு லில்லி எழுந்தாள். "அப்ப வீட்டுக்கு வாறதுக்கு மிச்சம் வைக்கணுமே டீச்சர்?"

டீச்சர்கள் அறை

முகத்தைப் பார்த்தே மலையாளம் டீச்சர் பார்கவி சேச்சி கண்டுபிடித்துவிட்டார். 'போகாதீங்க' என்று தினமும் கெஞ்சுகிறேன், கெஞ்சக் கெஞ்ச வேகமாகப் போகிறார் என்றேன். வகுப்பில் சொன்ன குழல் கதையையும் சொன்னேன். சேச்சி சிரித்தார். "நீ ஊதுறது அதே பக்கத்துக் குழல் அல்லே மோளே!"

வாசல்படி

சாயங்காலம் அவர் சட்டையை மாட்டினார். நான் கெஞ்சவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்து, குடையை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"எங்கே?"

"கூட்டத்துக்கு. பிடிச்சா மூணு பேரையும் சேத்துப் பிடிக்கட்டும்."

அவர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே அதனிடம் சொன்னார்: "எலே மக்கா, ஒனக்க அம்மைக்கிட்ட ஜெயிக்க நம்மளால ஒக்காது."

கலத்தை நிறுத்த எதிர்க்குழல் போதும், ஆளை நிறுத்தினால் மட்டும் அவர் மனசு மாறுவதற்குள் ஓடிப்போய் உள்ளே தாழ்ப்பாளும் போட வேண்டியிருக்கிறது, போட்டேன்.