காணாமல் போன இரண்டரை மணி

நான் குடியிருக்கும் வட ஜெர்மன் ஊரில், மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அதிகாலை இரண்டு மணி ஆக வேண்டிய நொடியில் மூன்று மணி ஆகிவிடும். நடுவில் ஒரு மணி நேரத்தை நாடே சேர்ந்து விழுங்கிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் காலையில் ரொட்டிக் கடைக்குக் கிளம்பும். அக்டோபர் கடைசியில் அதைத் திருப்பித் தருவார்கள். கைபேசி தானே மாறிக்கொள்ளும்; அடுப்பிலும் சுவரிலும் இருக்கும் கடிகாரங்களை நாம்தான் திருக வேண்டும். இந்த வழக்கத்தை ஒழிக்கலாமா என்று ஐரோப்பாவே ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறது, ஒழித்தபாடில்லை. மதுரை ஆனையூரில் இருக்கும் என் அம்மா மிஷன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அவருக்கு மணி என்றால் மணிதான். "ஏய்யா, குளிர்காலம் வந்தா நீ இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிர்ற" என்று குறைபட்டுக்கொள்வார்.

இந்தக் கடிகாரக் கூத்து ஒருமுறை என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. நான் டெவ்ஆப்ஸ் என்ஜினியர். மற்றவர்கள் எழுதும் மென்பொருள் சர்வரில் விழாமல் ஓடுகிறதா என்று பார்ப்பதும், அன்றாடம் செய்யும் வேலைகளை ஸ்கிரிப்ட் என்னும் கட்டளைக் கோப்பாக எழுதி இயந்திரத்தின் தலையில் கட்டுவதும் என் பிழைப்பு. இங்கே வந்து சேர்ந்த சிறு நிறுவனத்தில், வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு இன்சுலின் போடும் செவிலியர்களுக்கு அன்றன்றைய பட்டியலை அனுப்பும் ஸ்கிரிப்ட்டை நான் புதிதாக எழுதியிருந்தேன். தினமும் அதிகாலை இரண்டரைக்கு அது ஓட வேண்டும். ஏஐ எழுதித் தந்த வரைவில்தான் அந்த இரண்டரை இருந்தது. எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஒரே மணியில் வாழ்ந்தவனுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஆண்டு மார்ச் கடைசி ஞாயிறு ஈஸ்டராகவும் அமைந்தது. வேலையில் சேர்ந்து நான்காம் மாதம், ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியவில்லை. வேலை போனால் விசாவும் போகும். விடுமுறைக்கு ஆனையூர் வந்திருந்தேன். அதிகாலைப் பூசை முடிந்து வீடு திரும்பி, அம்மா கறிக்கு மசாலா வதக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அலறியது. அங்கே காலை ஐந்தேகால், பட்டியல் போகவில்லை. ஆறு மணிக்குச் செவிலியர்கள் கிளம்பிவிடுவார்கள். மடிக்கணினியைத் திறந்தால் ஸ்கிரிப்ட்டில் பிழை என்று ஒரு வரிகூட இல்லை. ஓடியதற்கும் தடயம் இல்லை, விழுந்ததற்கும் தடயம் இல்லை. காரணம் தெரியாமல் கையால் ஓட்டினால் இன்னும் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் முக்கால் மணி நேரம் துழாவினேன்.

நல்லவேளை, பாண்டி வந்திருந்தான். ஈஸ்டர் கறி என்றால் எங்கள் வீட்டில் முதல் ஆளாக ஆஜராகிவிடுகிற நண்பன். திருமங்கலம் பக்கம் கூலிக்குக் களை எடுத்த குடும்பத்திலிருந்து முதலில் கணினியைத் தொட்டவன். மதுரையில் எங்கள் முதல் வேலையில் பக்கத்து இருக்கை. இன்றும் அங்கேயே சர்வர் பார்க்கிறான். சர்வர் நிமிடத்துக்கு நிமிடம் எழுதி வைக்கும் பதிவைத் தோள் வழியாக எட்டிப் பார்த்தவன் இரண்டே நிமிடத்தில் சொன்னான்:

"மாப்ள, ஒன்னு அம்பத்தொம்பதுக்கு அடுத்த வரியில மூணு மணின்னு இருக்கு. ரெண்டரை மணி எங்கடா போச்சு?"

வராத மணிக்கு வேலை வைத்திருக்கிறேன்! ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டினேன். பட்டியல் போய்ச் சேரும்போது அங்கே ஆறு பத்து. சில செவிலியர்கள் முந்தைய நாள் பட்டியலோடு கிளம்பியிருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த ஒரு மூதாட்டியின் பெயர் அதில் இல்லை. அவருக்கு ஊசி முக்கால் மணி நேரம் தாமதமானது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தகவல் வரும்வரை நான் கறியைத் தொடவில்லை.

"சர்வர் கோளாறுன்னு சொல்லிப்புடு. பேரக் கொடுத்த, தொலைஞ்ச" என்றான் பாண்டி. அதைச் சொல்ல அவனுக்குத் தகுதி உண்டு. பழைய நிறுவனத்தில் ஏதாவது விழுந்தால் முதலாளி கூடத்தின் நடுவில் நின்று, "எவன்டா கை வச்சது?" என்று கத்துவார். இருபது தலைகளும் கீபோர்டுக்குள் புதையும். ஒருநாள் நான் தவறான கோப்பகத்தை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பாண்டி எழுந்து, "நாந்தேண்ணே" என்றான். ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பப்பட்டது அவன்தான். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் உள்ளே கிடக்கிறது.

அதனால்தான், ஜெர்மனி திரும்பியதும் நடந்த கூட்டத்தில் நானாகவே எழுந்து, "தவறு என்னுடையது, மன்னியுங்கள்" என்றேன். குழுத் தலைவி ஹைகே பலகையில் எழுதிக்கொண்டே, "அது இங்கே தேவையில்லை" என்றார். மன்னிப்புக்கே இடமில்லை, கதை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் முடிந்து காப்பி இயந்திரத்தருகே, "நான் வேறு வேலை தேட வேண்டுமா?" என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "ஏன், எங்களைப் பிடிக்கவில்லையா?" என்றார்.

பிறகுதான் புரிந்தது. இங்கே பிழை நடந்தால் யார் என்று கேட்பதில்லை, பெயரை எழுதுவதும் இல்லை. 'ஆண்டில் ஒருநாள் வராத மணியில் வேலை வைத்திருந்தோம். அதைப் பிடிக்க நம்மிடம் வழி இல்லை' என்று அறிக்கையில் இருந்தது. அந்த 'நம்மிடம்' என்ற சொல்லை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. எத்தனை புதிய கருவிகள் வந்தாலும் சரி, என் தொழிலில் நான் கண்ட மிகச் சிறந்த கருவி இந்தப் பெயரில்லாத தாள்தான். ஆனால் கண்டுபிடித்தது பாண்டி என்று அதில் சேர்க்கச் சொன்னபோது ஹைகே தலையாட்டி மறுத்தார். குற்றவாளிக்கு இடமில்லாத தாளில் கெட்டிக்காரனுக்கும் இடமில்லையாம். எனக்கு மனம் ஆறவில்லை. மணி மாறுவதைப் பற்றிக் கவலைப்படாத உலகப் பொது நேரத்துக்கு ஸ்கிரிப்ட்டை மாற்றிவிட்டு, அதன் தலையில், இயந்திரம் கண்டுகொள்ளாத குறிப்பு வரியாக, தமிழிலேயே எழுதி வைத்தேன்: 'ரெண்டரை மணி எங்கடா போச்சு? - பாண்டி.'

அந்த அக்டோபர் கடைசி ஞாயிறன்று இரண்டரை மணி இரண்டு முறை வந்தது. ஸ்கிரிப்ட் ஒரே ஒரு முறை ஓடியது. காலையில் நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டே பாண்டியை அழைத்துச் செய்தியைச் சொன்னேன். போன மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன்.

"அப்ப ஒரு மணி நேரம் கூடக் கெடச்சிருக்கு" என்றான். "ஊருக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கலாம்ல மாப்ள?"

இருவரும் சிரித்தோம். அவன் போனை வைத்த பிறகும் கடிகாரம் என் கையிலேயே இருந்தது. முள்ளைப் பின்னால் திருகினால் ஆனையூர் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விடும். கொஞ்ச நேரம் திருகாமல் நாற்காலி மேலேயே நின்றிருந்தேன்.