சாட்சிக் கட்டத்தில் என் கையெழுத்து

ரெஜினா அக்கா இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பழைய ஆய்வகத் தமிழர் குழுவில் வந்தது. மவுண்ட் ரோஸ்கில் வீட்டு வாசலில் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். இரங்கல்களுக்கு நடுவே ஒருவர் எழுதியிருந்தார்: "நல்ல மனுஷி. அந்த ஒரு விஷயத்துல மட்டும் சறுக்கிட்டாங்க." நான்கு பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். காரை அணைத்துவிட்டேன். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு, அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அக்கா ஈப்போவிலிருந்து வந்தவர். கிணற்று நீரைச் சோதிக்கும் வேதியியலாளர். சாப்பாட்டு நேரத்தில் அவர் பேச்செல்லாம் முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலேய வேதியியலாளரைப் பற்றித்தான். பிரபு வீட்டுப் பிள்ளை என்பதால் 'நம்ம துரை' என்பார். ரசவாதிகள் செய்முறையைப் பூட்டி வைத்திருந்த காலத்தில், துரை நாலு பேரைக் கூப்பிட்டு, கண்ணெதிரே சோதனை செய்து, பார்த்தவர்களிடம் கையெழுத்து வாங்கினார். தோற்ற சோதனைகளையும் அச்சிட்டார். "அன்னைக்குத்தான் சயின்ஸ் பொறந்துச்சு லா" என்பார் அக்கா, ஈப்போப் பேச்சில். அடுத்த வாயிலேயே, "சோதனைக்கு மூச்சு வாங்கக் காத்துப் பம்பு இழுத்த வேலைக்காரன் பேர மட்டும் எழுதல பாரு" என்று துரையையும் குத்துவார்.

எங்கள் ஆய்வகத்திலும் ஒருவர் சோதனை செய்ய, இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்து, பதிவேட்டின் சாட்சிக் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். நம்மில் பலர் பார்க்காமலே போடுவோம். பழகியவர் பக்கத்தில் நின்று பார்த்தால் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமே என்ற கூச்சம். அக்காவிடம் அது செல்லாது.

2012-இல் ஒரு மதியம் அவர் புக்கெகோஹி விவசாயப் பகுதிக் கிணறுகளின் நீரில் நைட்ரேட் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து நிற்கும்படி என்னைக் கூப்பிட்டார். நான் விசா நீட்டிப்புக்காகத் தொலைபேசியில் காத்திருந்தேன். திரும்பி வந்தபோது அவர் அங்கே இல்லை, பதிவேட்டில் சாட்சிக் கட்டம் காலியாக இருந்தது. கையெழுத்தைப் போட்டு அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை பதிவேட்டில் என் கையெழுத்தைப் பார்த்த அக்கா மிச்ச நீரை மறுபடி சோதித்தார். இரண்டு புட்டிகள் இடம் மாறியிருந்தன. மாற்றியது அவர் கைதான். குடிக்கலாம் என்று நாங்கள் எழுதிய புதுக் கிணறு, கைக்குழந்தை உள்ள வீட்டினுடையது. அதன் நீரில் உண்மையில் இருந்த நைட்ரேட் அளவு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. மூன்று முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. அக்கா கார்ச் சாவியோடு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். கதவைத் திறந்த பெண், பிள்ளை அழுததில் போன் கேட்கவில்லை என்றாள். அறிக்கையை அன்று காலையில்தான் பார்த்தாளாம். கெட்டிலில் அந்தத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது; கொதித்தாலும் நைட்ரேட் போகாது. பால்மாவு இன்னும் கலக்கவில்லை. அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பார்க்காமல் எப்படிக் கையெழுத்து விழுந்தது என்று மேலாளர் விசாரித்தார். வேலை போனால் விசா போகும், மனைவியும் மகளும் என்னோடு மூட்டை கட்ட வேண்டும். அக்கா பேனாவை எடுத்து, பார்க்காமலே போடச் சொல்லித் தான்தான் என்னை வற்புறுத்தியதாக எழுதினார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார். அதிலும் கையெழுத்திட்டேன். தலைமைப் பொறுப்பிலிருந்து அவரை நீக்கி, புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் மேசைக்கு அனுப்பினார்கள்.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"துரைக்குச் சொத்து இருந்துச்சு தம்பி. உண்மைய எழுதினா அவர யாரு நாட்ட விட்டுத் தொரத்துவா? உனக்கு அப்படியா?"

இரண்டு வருடத்தில் எனக்கு இங்கேயே நிரந்தரமாகத் தங்கும் ரெசிடென்சி கிடைத்தது. அன்றே சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் தள்ளிப் போட்டேன், அவர் சீட்டு ஒட்டியபடியே ஓய்வு பெற்றார்.

அவர் என்னை வற்புறுத்தவில்லை. வந்து பார் என்று கூப்பிட்டார், நான் போகவில்லை. சனிக்கிழமை அவர் இறுதிச் சடங்கின்போது மனுரேவா தேவாலயத்தில் உங்கள் முன்னால் நின்று இதையே வாய்விட்டும் சொல்வேன். அக்கா தந்ததில் என்னிடம் இருப்பது, என் மகள் இந்த ஊரில் வளர்ந்த வருடங்கள். அவர் மேல் ஒட்டியிருந்த பழியையும் இனி நானே வைத்துக்கொள்கிறேன்.