வேதா சொன்ன குறைகள்

வேதாவுக்குப் பொறாமை என்பது சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாதிரி உடம்போடு வந்த சங்கதி. இதற்கு மாத்திரை கிடையாது, அவ்வளவுதான். தெலுங்கு ஊரில் ராணுவக் குடியிருப்புப் பகுதியான திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வேலூரிலிருந்து ராணுவப் பணிமனைக்கு வந்தவர். கணவர் வெங்கடராமன் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு சைனிக்புரியில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தார்கள். பால்கனியில் துணி உலர்த்தினால் மனிதர் நிற்க இடம் இருக்காது.

சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் வேலைக்குப் போனாள். பக்கத்துப் போலாரத்தில் நூறு வருடத்துக்கும் மேலான மஞ்சள் பங்களா ஒன்றைக் கட்டுமான நிறுவனம் ஒன்று வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. முதலில் ஆட்களுக்கு வருகைப் பதிவு போடும் வேலை. தமிழ், தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் நான்கும் வாயில் புரண்டதால், பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் பொறுப்பும் பிறகு அவள் தலையில் விழுந்தது.

இரண்டரை வருடம் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பழைய பெயிண்டைச் சுரண்டியதும், சுண்ணாம்பு அரைத்துப் பூசியதும், தேக்கு மாடிப்படி பளபளத்ததும் அவள் கண்ணெதிரே நடந்தவை. மத்தியானம் வராந்தாவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடும் அரை மணி நேரம் அது அவள் வீடு. விற்பனை ஆரம்பித்ததும், பெரிய காரில் வந்து இறங்கிய ஒவ்வொருவரைப் பார்த்தும் வயிறு எரிந்தது. இருந்தாலும் ஒழுங்காகவே சுற்றிக்காட்டினாள். முகம் தெரியாதவர்கள்தானே, வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும்.

அந்தச் சமாதானம் ஒரு சனிக்கிழமை காலை உஷா மகளோடு வந்து இறங்கும்வரைதான் நீடித்தது.

குவார்ட்டர்ஸில் உஷாவுக்கு எதிர்வீடு. அவள் கணவர் கிருஷ்ணகுமார் வெங்கடராமனுக்குக் கீழே வேலை பார்த்தவர். பன்னிரண்டு வருடம் வேதாவின் கிரைண்டரில்தான் அவள் இட்லிக்கு மாவரைத்தாள். மகள் ஸ்ரேயா தான் தொடங்கிய சாஃப்ட்வேர் கம்பெனியை நல்ல விலைக்கு விற்றுவிட்டாளாம். அப்பா அம்மாவோடு சேர்ந்திருக்கப் பெரிய வீடு தேடுகிறாளாம்.

“நீ இங்கதான் இருக்கியா வேதா? சொல்லவே இல்லையே,” என்று உஷா கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேதா சிரித்து வைத்தாள். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. ஒரு கிரைண்டருக்கு வழியில்லாமல் இருந்தவள் இந்தப் படியில் ஏறி இறங்குவதா? யார் வேண்டுமானாலும் வாங்கட்டும், உஷா மட்டும் வாங்கக் கூடாது. வாசற்கதவைத் திறப்பதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

“மேற்குப் பக்க ரூம்ல ஏப்ரல் மாசம் கால் வைக்க முடியாது,” என்று ஆரம்பித்தாள். “சுண்ணாம்புச் சுவர் பாக்கத்தான் அழகு. ஒவ்வொரு மழைக்கும் உப்புப் பூக்கும். சரிபண்ண இந்த ஊர்ல கொத்தனார் கிடைக்க மாட்டான்.” மாடிக்குப் போனதும், “கூரைல வௌவால், நாத்தம் தாங்காது. உனக்கு முட்டிவலி வேற. கைக்கு, எதுக்கு இந்த வம்பு? நக்கோ உஷா, வேணாம்,” என்று உள்ளூர் இந்தி கலந்து முடித்தாள்.

வௌவால்களை விரட்டி ஒரு வருடமாகிறது. மற்றதெல்லாம் உண்மைதான். ஆனால் இதற்குமுன் வந்த யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை.

“இவ்ளோ ப்ராப்ளமா ஆன்ட்டி?” ஸ்ரேயா முகம் சுளித்தாள். “அம்மா, நேத்து பாத்த வில்லாவே போதும்.”

வேதாவின் நெஞ்சு குளிர்ந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “நானா இருந்தா சும்மா குடுத்தாக்கூட வாங்க மாட்டேன்,” என்றாள்.

உஷா ஜன்னலைத் திறந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். “இதையே முடிச்சிடு ஸ்ரேயா.”

“ஆன்ட்டியே வேணாங்கறாங்களேம்மா.”

“அதனாலதான் சொல்றேன். இவளோட இருபது வருஷம் ஜெனரல் பஜார்ல புடவை எடுத்திருக்கேன். பிடிக்காத புடவைய நல்லாத்தான் இருக்குன்னு தள்ளி வச்சிடுவா. மனசுல விழுந்துட்டதைத்தான் நூல் பிரியுது, சாயம் போகும், பார்டர் கோணல்னு உரிச்சு எடுப்பா. கடைசில அதத்தான் பில் போடச் சொல்லி வாங்கிட்டு வருவா. எதுக்கும் இவ இத்தனை குறை சொல்லி நான் கேட்டதில்ல.”

ஸ்ரேயா சிரித்துக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வேதா நின்ற இடத்திலேயே நின்றாள். கட்டின புருஷனுக்குக்கூடத் தெரியாததை எதிர்வீட்டுக்காரி இத்தனை வருடமாகக் கவனித்து வைத்திருக்கிறாள்.

உஷா பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டாள். “பால் காய்ச்சற அன்னிக்கு நீ முதல் ஆளா வந்துடணும். உனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த வீடு எனக்குத் தெரியாது. அப்புறமும் அடிக்கடி வந்துட்டுப் போ, வேதா.”

அந்தக் குரலில் குத்தல் எதுவும் இருக்கிறதா என்று வேதா தேடிப் பார்த்தாள். இருந்தால் பதிலுக்கு ஒரு வார்த்தை கொடுத்து மனசு ஆறியிருப்பாள். ஒன்றும் கிடைக்கவில்லை. “வரேன்,” என்றாள்.