விசர், நாய், கடி

பேசாலையில் எடித் வீடு எது என்று கேட்டால் "எந்த எடித்?" என்று திருப்பிக் கேட்பார்கள். 'கழுதை டொக்டர்' வீடு என்றால் சந்தியில் நிற்கிற சின்னப்பிள்ளையும் கையைக் காட்டும். அந்தப் பட்டத்தை அவளுக்குக் கொடுத்தது அவள் வேலை செய்த நண்டுக் கொம்பனிப் பெண்கள். நான் அவர்களைக் காலையில் ஓட்டோவில் கொண்டுபோய் இறக்கி, பின்னேரம் ஏற்றி வருகிறவன். முன்னுக்கிருந்து ஓட்டுகிறவனுக்கு முதுகெல்லாம் காது. அதனால் பாதிக் கதை எனக்கு அப்படியே தெரியும். மீதியை எடித்தே சொன்னாள்.

மன்னார்த் தீவில் கழுதைக்கு எசமானும் இல்லை, வேலையும் இல்லை. றோட்டுக்கு நடுவில் நிற்கும். நாம் ஹோர்ன் அடித்தால் ஒரு காதை ஆட்டும், அவ்வளவுதான். மிச்சச் சோற்றைப் பிளாஸ்டிக் சொப்பின் பையில் கட்டி வீசினால் பையோடு சேர்த்து விழுங்கும். பிறகு பை தொண்டையில் சிக்கி, வாயால் எச்சில் வடிய, தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். இதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது. ஒரு கழுதை எச்சில் வடித்துக்கொண்டு நின்றால் மன்னாரில் யாரும் வேறெதையும் யோசிப்பதில்லை. பை சிக்கிவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

கொம்பனியின் பின்வாசலுக்கு அப்படி வருகிற கழுதைகளின் வாய்க்குள் கையை விட்டுப் பையை இழுத்து எடுக்கிற துணிவு எடித் ஒருத்திக்குத்தான் இருந்தது. வாயைப் பிளந்து பிடிப்பவள் பாத்தும்மா. எருக்கலம்பிட்டிச் சந்தியில் என் ஓட்டோவில் ஏறுகிறவள், நண்டுச் சதை எடுக்கிற மேசையில் எடித்துக்குப் பக்கத்துக் கதிரை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது சிறுமியாகப் புத்தளம் போய், சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்த குடும்பம். வாய் என்றால் அவளுக்குத்தான் வாய். அவள் ஏறினால் ஓட்டோவில் பாட்டுப் போடத் தேவையில்லை.

அந்தக் கொம்பனியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே போகிற பெண் தலைமுடியை மூட வேண்டும், வாயை மூட வேண்டும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி மருந்துத் தண்ணீரில் தோய்க்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிற நண்டல்லவா, அதற்கு ஒரு தடிமன்கூடத் தொற்றிவிடக் கூடாது. நண்டு ஓடு கிழித்துப் பெண்களின் விரலெல்லாம் கீறலாகக் கிடக்கும், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. செத்த நண்டுக்குக் கிடைத்த மரியாதை உயிருள்ள மனுசிக்குக் கிடைக்கவில்லை என்று நான் அப்போதே சொன்னேன். ஓட்டோக்காரன் சொல் அம்பலமேறுமா?

கொரோனா என்ற பெயரே எங்கள் பக்கம் தெரியாத காலம் அது. இரண்டாயிரத்துப் பதினெட்டு, சோளகக் காற்று மண்ணை அள்ளி எறிகிற மாதம், நோன்பும் தொடங்கியிருந்தது. பின்வாசலில் ஒரு பெட்டைக் கழுதை வந்து நின்றது. வாயால் எச்சில் நூலாக வடிந்தது. பின்னங்கால்கள் தள்ளாடின. வேலியில் ஒருமுறை போய் முட்டிவிட்டுத் திரும்பியது. வழமைபோலப் பாத்தும்மா வாயைப் பிளந்து பிடித்தாள், எடித் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். துழாவித் துழாவிப் பார்த்தாள். பை இல்லை. கயிறும் இல்லை. கழுதை கடிக்கவும் இல்லை. இருவருடைய கையும் முழங்கை வரைக்கும் எச்சில். கழுவிவிட்டு உள்ளே போய் வேலையைப் பார்த்தார்கள்.

இரண்டு நாளில் அந்தக் கழுதை கொம்பனி மதிலோரம் செத்துக் கிடந்தது. சுகாதாரப் பரிசோதகர் கண்டால் வில்லங்கம் என்று சுப்பவைசர் அம்புறோஸ் உடனே கிடங்கு வெட்டிப் புதைப்பித்தான். அப்போதுதான் எடித்துக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. முந்திய மாதம் அந்தப் பக்கத்தில் வெறி பிடித்த விசர் நாய் ஒன்றை அடித்துக் கொன்றிருந்தார்கள். எப்போதும் பையோடு வெளியே வருகிற கை அன்றைக்கு ஏன் வெறுங்கையாக வந்தது என்று அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கையில் நண்டு கிழித்த கீறல்கள்.

அந்தக் கழுதைக்கு விசர்நாய்க்கடி வருத்தம் இருந்திருக்கும் என்று தேநீர் நேரத்தில் மேசையில் வாயைத் திறந்து சொன்னாள், பிடித்தது சனி. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்புறோஸ் வந்து, வழக்கறிஞரைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எடித் அக்கா, விசர்நாய்க்கடி எண்டால் என்ன? விசர் இருக்கவேணும், நாய் இருக்கவேணும், கடி இருக்கவேணும். உங்களுக்கு நாயும் இல்லை, கடியும் இல்லை. விசர் மட்டும்தான் இருக்குது."

அதற்குப் பிறகு அதுவே அந்த மேசையின் மந்திரமாகிவிட்டது. எடித் தும்மினால் 'விசர்', எழும்பினால் 'நாய்', கதைத்தால் 'கடி'. எல்லோரையும்விட உரத்துச் சிரித்தவள் பாத்தும்மா.

"கழுதைக்கு வாக்கப்பட்டிட்டு உதைக்குப் பயப்படலாமோடி?" என்று கேட்டு முழு மேசையையும் ஆட்டிவைத்தாள்.

எடித் அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. என் ஓட்டோவில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கேயும் சிரித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே போனதாகப் பிறகு சொன்னாள். ஆனால் அங்கே இருந்த இளம் டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை. இந்த நோய் நாய்க்கு மட்டும் வருகிற வருத்தமல்ல, கடிபட்டால் கழுதைக்கும் மாட்டுக்கும் வரும், எச்சில் புண்ணில் பட்டாலே போதும் என்றார். தண்ணீர் குடிக்கும்போது தொண்டை இறுகுகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள் எடித்.

"நல்லது. இது வந்தால் மருந்தில்லை அம்மா. வர முதல் ஊசி போட்டால் பயமில்லை. வருதோ எண்டு இருந்து பாக்கிற வருத்தம் இல்லை இது. அந்தக் கழுதையை வேற ஆரும் தொட்டவையோ?"

எடித் பாத்தும்மாவின் பெயரைச் சொன்னாள்.

"அவவையும் உடனே கூட்டிக்கொண்டு வாங்கோ."

திரும்பி வரும்போது ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டு எடித் சொன்னது எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

"தம்பி, இந்த ஊசி வேலை செய்தால் எனக்கு ஒண்டும் வராது. 'பாத்தியே, ஒண்டும் வரயில்லை, விசரி'யெண்டு சொல்லுவினம். வேலை செய்யாட்டிச் செத்துப்போவன். நான் சொன்னது சரியெண்டு காட்ட வேற வழியே இல்லைப் பாருங்கோ."

நானும் யோசித்துப் பார்த்தேன், வழி இல்லைதான். கழுதையைச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். எடித் போய்க் கேட்டபோது, "கழுதைக்கும் பிரேதப் பரிசோதனையோ அக்கா?" என்று அம்புறோஸ் கேட்டானாம். அவனுடைய கன்னத்தில் ஒன்று விட எனக்குக் கை துடித்தது. கொம்பனி ஓட்டம் போய்விடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

பாத்தும்மாவைக் கூட்டிப்போவதுதான் பெரும் பாடாகிவிட்டது. எடித் காலையில் ஓட்டோவில் கேட்பாள், பின்னேரமும் கேட்பாள். பாத்தும்மா முதலில் பகிடி விட்டாள். பிறகு, நோன்போடு ஊசி போடக் கூடாது என்றாள். ஊசியால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசலில் சொல்லியிருக்கிறார்களே என்று நான் குறுக்கே சொன்னேன். "தம்பி றோட்டைப் பாத்து ஓட்டுங்கோ" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

"பெருநாள் முடியட்டும் எடித்து. இன்ஷா அல்லாஹ், பிறகு பாப்பம்."

"பெருநாள் மட்டும் அது பாத்துக்கொண்டு நிக்குமோடி?"

"எது? கழுதையோ?" என்றாள் பாத்தும்மா, ஓட்டோ முழுக்கச் சிரிப்பு.

எடித்துக்குச் சோறு இறங்கவில்லை. தனக்கு ஊசி போட்டாயிற்று, தன்னுடைய பயம் பாதி போயிற்று, ஆனால் அந்தக் கழுதையின் வாயைப் பிடி என்று பாத்தும்மாவைக் கூப்பிட்டவள் அவள்தானே. இவளுக்கு ஏதும் நடந்தால் இவளுடைய பிள்ளைகளின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அந்தோனியார் முன்னால் முழங்காலில் நின்று அழுதாளாம். காலையில் பாத்தும்மா ஓட்டோவில் ஏறும்போது எடித் அவளுடைய முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். நானும் கண்ணாடியில் பார்ப்பேன். பாத்தும்மா சிரித்துக்கொண்டே ஏறுவாள்.

ஒரு நாள் மத்தியானம் எடித் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவப் பின்பக்கம் போனாள். நோன்பு பிடிக்கிற பெண்கள் அந்த நேரத்தில் பெட்டி அடுக்குகிற அறையில் சற்றுச் சாய்ந்து கிடப்பார்கள். பாத்தும்மா அங்கே இல்லை. பின்பக்கக் குழாயடியில் குந்தியிருந்தாள். கையில் தண்ணீரை ஏந்தினாள், சுற்றிப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். விழுங்கிவிட்டுத் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பெரிதாக மூச்சு விட்டாள்.

எடித்துக்கு முதலில் நம்ப முடியவில்லை. முந்திய வருடம் காய்ச்சலோடும் நோன்பை விடாதவள் பாத்தும்மா. வெயில் தாங்காமல் குடித்தாளோ என்று நினைத்தாள். அந்தத் தொண்டையைத் தொட்ட விரல்களைக் கண்டதும் டொக்டர் பிள்ளை தன்னிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

"பாத்து."

பாத்தும்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். நாடியில் தண்ணீர் சொட்டியது.

"வாய் கொப்புளிச்சனான்."

"விழுங்கினதைக் கண்டனான். எத்தினை நாளாய் இப்பிடிக் குடிச்சுப் பாக்கிறாய்?"

பாத்தும்மா குழாயைப் பூட்டினாள். பூட்டிய குழாயைத் திரும்பவும் பூட்டினாள்.

"கழுதை செத்த அண்டிலிருந்து" என்றாள். "ஒவ்வொரு நாளும். விழுங்க முடியுதோ எண்டு பாக்கத்தான். எங்கட சாச்சாவை நான் கண்டனான் எடித்து. வாப்பாட தம்பி. புத்தளத்தில அகதி முகாமில இருக்கேக்க நாய் கடிச்சது. சின்னக் கடிதானே எண்டு அவரும் எங்களைப்போலப் பகிடிதான் விட்டுக்கொண்டு திரிஞ்சவர். பிறகு ஒரு நாள் நோன்பு திறக்கத் தண்ணிக் கோப்பையைக் கையில எடுத்தவர், விழுங்க ஏலாமல்..."

நாடியில் நின்ற தண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள்.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு ஏன்டி என்னோட வரயில்லை?"

"வந்தால் அது உண்மையாப் போயிடும்."

தெரியாதவள் சிரிக்கிறாள், விளங்கப்படுத்தினால் சரிவந்துவிடும் என்றுதான் எடித் அதுவரை நினைத்திருந்தாள். அந்த மேசையிலே அந்த வருத்தத்தைக் கண்ணால் கண்டவள் இவள் ஒருத்திதான். அதனால்தான் எல்லோரையும்விட உரத்துச் சிரித்திருக்கிறாள். எடித்துக்கு அழுகையும் வந்தது, அதைவிடக் கூடுதலாகக் கோபமும் வந்தது. பாத்தும்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உன்ர நோன்பு முறிஞ்சு போச்சுத்தானே. இனி ஊசிக்கு என்ன சாட்டுச் சொல்லப்போறாய்? எழும்படி!"

எனக்குப் போன் வந்தது. நான் போய் நிற்கும்போது அம்புறோஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். ஏற்றுமதி போகிற நாளில் இரண்டு பேர் எழும்பினால் எப்படி என்று கத்தினான்.

"பொம்பிளையளின்ர வருத்தம் தம்பி, விபரமாச் சொல்லட்டோ?" என்றாள் எடித். அவன் முகம் சிவந்து வழியை விட்டான். எடித்துக்கு இப்படிப் பொய் சொல்லவும் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நாள் கடத்தியதற்கு டொக்டர் பிள்ளை ஏசினார். ஆனால் இன்னும் காலம் தப்பவில்லை என்று சொல்லி ஊசியைப் போட்டார். வெளியே வந்து வாங்கில் இருந்த பாத்தும்மா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள்.

"முறிச்ச நோன்பு அவ்வளவும் பிறகு பிடிச்சுக் களாச் செய்யவேணும்" என்றாள்.

"செய். செய்யிறதுக்கு உயிர் வேணுமே" என்றாள் எடித்.

திரும்பி வரும் வழியில் பாத்தும்மா எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினாள். தண்ணீர் குடித்தது வெளியே தெரியக் கூடாது, ஊசி போட்டதும் தெரியக் கூடாது. எடித் சரி என்றாள். நான் தலையை ஆட்டினேன். பிறகு சில வருடம் கழித்துப் பாத்தும்மாவே எல்லோருக்கும் சொல்லித் திரிந்ததால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

ஆனால் அன்றைக்குப் பிறகு நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே பாத்தும்மா பழைய பாத்தும்மா. எடித் ஓட்டோவில் ஏறியதும் "தள்ளியிருங்கோடி, கடிச்சுப்போடுவாள்" என்றாள். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அடுத்தடுத்த ஊசிகளுக்கு எடித் பகிரங்கமாகப் போனாள், விசரி என்று பெயர் வாங்கினாள். பாத்தும்மா அதே ஊசிகளைக் களவாகப் போட்டுக்கொண்டு வந்து, அதே எடித்தைப் பார்த்து மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொடுத்துவிட்டாள் என்பது உண்மை. வட்டிலப்பம் கொடுத்தால் சரியாகிவிடுமா?

கடைசி ஊசியும் முடிந்த கிழமையில், எல்லோரையும் இறக்கிவிட்டு எடித்தோடு தனியே பேசாலைக்கு வரும்போது கேட்டேவிட்டேன்.

"அக்கா, உங்களுக்குக் கொஞ்சமும் ரோசம் இல்லையோ? உயிரைக் காப்பாத்தி விட்டனீங்கள். அவ பல்லெல்லாம் காட்டிச் சிரிக்கிறா. நீங்கள் பேசாமல் இருக்கிறீங்கள்."

எடித் என்னை ஒரு விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சிரிக்கட்டுமே தம்பி" என்றாள். "அவள் சிரிக்கிற சத்தம் கேக்கவேணும் எண்டுதானே நான் இவ்வளவு பாடும் பட்டனான்."