படுக்கையறைக் கதவின் மூன்று அடிகள்

அத்தானுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவர் மனைவியின் தம்பி ஒரு பாட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். அவன் அத்தான் என்று கூப்பிடப்போய், பாடகர், கிடார்காரர், ஒலிபெருக்கி தூக்குகிறவர் என்று ஒட்டுமொத்தக் குழுவுக்கும் அவர் அத்தான் ஆகிவிட்டார். அவரைவிட வயதில் மூத்தவர்களும் வெட்கமில்லாமல் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவர் பார்க்கிற வேலையை மனிதர்களுக்கு விளக்குவது கஷ்டம். மற்றவர்கள் அடித்த டிரம்மின் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் பிளக்-இன் என்கிற குட்டிக் கருவிகளை வைத்துச் சீர்செய்து கொடுப்பார். அவற்றில் டிரான்சியன்ட் என்கிற கருவிக்கு இரண்டு குமிழ்கள். ஒன்று அடி விழுகிற முதல் கணத்தைக் கூர்மையாக்கும். மற்றது அடிக்குப் பின்னால் வாலாக நீளுகிற அதிர்வை ஏற்றி இறக்கும். ஈக்வலைசர் என்பது ஒரு சத்தத்தில் கனம் எவ்வளவு, கீச்சு எவ்வளவு என்று பங்கு பிரிக்கிற கருவி. இவ்வளவுதான் சமாச்சாரம். இதற்காக ஒரு மனிதன் நாள் முழுக்க ஒரே 'டும்'மைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பானா என்றால், இருப்பான். "அவரு சத்தத்துக்கு இஸ்திரி போடுறாரு" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

நாளடைவில் அத்தானின் காது அவர் பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. லிஃப்ட் கதவு மூடினால் "இருநூறு ஹெர்ட்ஸ்ல கொஞ்சம் குறைக்கணும்" என்பார். ஒருமுறை நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்த டாக்டரிடம் அதைக் கெஞ்சி வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, "அடி நல்லா இருக்கு டாக்டர், வால்தான் நீளம்" என்று சொல்ல, அந்த மனுஷர் பயந்துபோய் ஈ.சி.ஜி. எடுக்கவைத்தார். அதில் ஒன்றும் இல்லை.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கடைக்காரர்கள் வேறொரு ஊரில் புதுக் கிளை திறந்து, அதற்கு அவளைப் பொறுப்பாளராகப் போகச் சொன்னார்கள். ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கணவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். போ என்றாலும் சரி, போகாதே என்றாலும் சரி. அத்தானுக்கோ அவள் போய்விடுவாளோ என்று உள்ளுக்குள் உதறல். போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் மனசு வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டின் பின்னறையில், மெத்தையை நிமிர்த்தி ஜன்னலை அடைத்த அவருடைய ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அங்கே வேறு தலைவலி. காலால் மிதித்து அடிக்கிற கிக் டிரம்மில் மச்சினன் அடித்த அடி அட்டைப்பெட்டியை உதைத்த மாதிரி இருந்தது. முதல் கணத்தைக் கூர்மையாக்கினால் மேசையை நகத்தால் தட்டுகிற சத்தம் வந்தது. கனம் கூட்ட அறுபது ஹெர்ட்ஸை ஏற்றினால் யாருக்கோ வயிறு சரியில்லாதது போலிருந்தது. அட்டைப்பெட்டிச் சத்தம் இருக்கிற இடத்தைப் பார்த்து வெட்டினார். கூடவே டிரம்மும் போய்விட்டது. நெஞ்சில் குத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும் என்று பாடகர் நாளுக்கு நாலு தடவை போனில் நச்சரித்தார்.

திங்கள் மாலை மனைவி கேட்டாள், அத்தான் கூரையைப் பார்த்தார். அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

அத்தான் அப்படியே நின்றுவிட்டார். என்ன ஒரு அடி! ஆரம்பம் கத்தி, நடுவில் நல்ல கனம், வால் கச்சிதம். இத்தனை வருஷமாக வீட்டிலேயே வைத்துக்கொண்டு வெளியே தேடியிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தலையடியும் சுமார் ரகமில்லை.

ஆனால் இந்தத் தொழிலில் ஓர் அடி போதாது. ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டால் தையல் இயந்திரம் ஓடுகிற மாதிரி ஆகிவிடும். மெல்லிய அடி, நடுத்தர அடி, முழு அடி என்று மூன்று அடிகளாவது வேண்டும். தானே கதவை அறைந்து பார்த்தார். உப்புச் சப்பில்லாமல் இருந்தது. கதவுக்குப் பின்னால் உண்மையான கோபம் வேண்டும், அதுவும் அளவு பார்த்து. வேறு எவனுக்கும் இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்காது, தோன்றினாலும் அடுத்த நிமிஷம் புத்தி வந்திருக்கும். அத்தானுக்கு வரவில்லை. செருப்பு அலமாரிக்குப் பின்னால் மைக்கை மறைத்துவைத்தார்.

மெல்லிய அடிக்கு ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டார். நடுத்தர அடிக்கு, அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார். முழு அடிக்கு, "அப்படியே உங்கம்மா மாதிரி பேசுற" என்றார். அதில் அவள் அறைந்த வேகத்தில் பதிவு எல்லை தாண்டிக் கரகரத்துப்போனது. மைக்கின் அளவைக் குறைத்துவிட்டு, மறுநாள் அவளுடைய அம்மாவை இன்னொரு தடவை இழுக்க வேண்டியதாயிற்று. சண்டை எங்கே தொடங்கினாலும் அந்த ஊர் விஷயத்தில்தான் போய் முட்டியது. அத்தான் தலையாட்டுவார். காது மட்டும் கதவிடம் இருக்கும்.

வியாழக்கிழமை வேலை முடிந்தது. அடிக்கு முன்னும் பின்னும் இருந்ததையெல்லாம் வெட்டி எறிந்து, டிரான்சியன்ட்டில் ஆரம்பத்தைச் சற்றே தூக்கி, ஈக்வலைசரில் தாழ்ப்பாளின் கிலுகிலுப்பைக் குறைத்து, மச்சினனின் டிரம்மை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கதவைப் போட்டார். அனுப்பிய கையோடு பாடகரிடமிருந்து பதில் வந்தது: "அத்தான், நெஞ்சு வலிக்குது. நன்றி."

வெள்ளிக்கிழமை காலை மச்சினன் தலைகால் புரியாமல் ஓடிவந்தான். அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் நில்லு. நான் அடிச்சதைக் கேளு. எல்லாரும் அசந்துபோயிட்டாங்க."

பின்னறைக்கு இழுத்துப்போய்ப் பெரிய ஸ்பீக்கரில் போட்டான். அவள் கைப்பையைத் தோளில் மாட்டியபடி கேட்டாள். கொஞ்ச நேரம் கேட்டதும் முகம் மாறியது.

"இது நீ அடிச்சதில்லடா."

"என்னக்கா சொல்ற?"

"இது ஈரத்துண்டு." அடுத்த அடிக்குக் காத்திருந்தாள். "இது டி.வி. இது அம்மா."

மச்சினன் அத்தானைப் பார்த்தான். அத்தான் நாற்காலியில் கிழிந்திருந்த இடத்தை விரலால் மூடினார்.

"அத்தான், அப்ப என் அடி எங்க?"

"உன்னது... அட்டைப்பெட்டி மாதிரி இருந்துச்சுப்பா."

அவன் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தான். மனைவி பாட்டை நிறுத்தினாள். கத்துவாள் என்று அத்தான் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை.

"கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு." பிறகு பொய் சொல்லத் தெம்பில்லாமல், "அதை வெட்டிட்டேன்" என்றார்.

"வெட்டாதது இருக்குமே."

இருந்தது. அத்தான் எதையும் அழிக்கிறவர் இல்லை. முழுப் பதிவைத் திறந்தார். அதில் எங்கேயாவது தான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருப்போம் என்று ஒரு நப்பாசை இருந்தது. ஓடவிட்டார்.

முதலில் அவள் குரல், களைத்துப்போய்: "நான் போகட்டுமா, வேண்டாமா? சொல்லுங்க." ஒன்றுமில்லாத இடைவெளி. தடால் என்று கதவு. அதன் பின்னால், மைக்குக்கு வெகு அருகில், ரகசியக் குரலில் அத்தான்: "அருமை."

அடுத்தது. "நான் போனா உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" தடால். "அருமை, அருமை."

கடைசியில் அவள் அழுதுகொண்டே கேட்டிருந்தாள். "நான் போயிடட்டுமா?" தடால். அத்தானின் குரல் சந்தோஷத்தில் கம்மியிருந்தது. "இதான் வேணும் எனக்கு. இதேதான்."

அத்தான் நிறுத்தப் போனார். விரல் தப்பி அந்த இடமே மறுபடி ஓடியது. "நான் போயிடட்டுமா?" தடால். "இதான் வேணும் எனக்கு. இதேதான்."

"நான் கதவைச் சொன்னேன்மா" என்றார் அத்தான். "சத்தியமா கதவைத்தான் சொன்னேன். நீ போயிட்டா எனக்கு..."

"பரவால்லங்க. தெளிவாத்தான் கேக்குது."

அங்கேயே நின்று கைப்பையிலிருந்து போனை எடுத்துக் கடைக்காரருக்குப் பேசினாள். திங்கட்கிழமை புது ஊரில் சேர்ந்துவிடுவதாகவும், வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் என்றும் சொன்னாள். அவள் குரலில் எந்த இடத்தில் லேசாக உடைந்தது என்று அத்தானுக்குத் துல்லியமாகக் கேட்டது.