இரண்டு டப்பாக்களை ஒன்றாக்கிய புதன்கிழமை

நல்லது செய்கிறோம் என்ற நிறைவோடு நான் செய்த ஒரு வேலை, இன்னொருவர் கன்னத்தோடு அணைத்துப் பிடிக்கும் துப்பாக்கிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும், தொலைபேசியை எடுக்க எனக்கு ஏன் பத்து நிமிடம் ஆயிற்று? டெக்ஸாஸ் மாநிலத்தில் ரிச்சர்ட்சனில், என் அண்ணன் வீட்டுக் காரேஜில், ஒரு சனிக்கிழமைக் காலை இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது. அதுவரை நான் மற்றவர்களைக் கேள்வி கேட்டே பழகியவள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சமூகப்பணியில் முதுகலைப் படிப்பை முடித்து, காப்பீடு இல்லாதவர்களுக்கான ஒரு சிறு மருத்துவ நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அண்ணன் தொலைத்தொடர்பு நிறுவனமொன்றில் பொறியாளன். அண்ணி மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநர். சென்னையில் வாங்கிய பட்டம் இங்கே செல்லாது என்றபோது முணுமுணுக்காமல் மறுபடி தேர்வுகள் எழுதி உரிமம் பெற்றவர். ஐந்தடி உயரம் இருப்பார். ஞாயிறு காலை தமிழ் ஆராதனையில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்பார். சனிக்கிழமை காலை, ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில், வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடுவார்.

மருத்துவமனை ஊழியர்களின் சுற்றுலா ஒன்றில் யாரோ விளையாட்டாகக் கையில் கொடுத்த, ‘பன்னிரண்டு போர்’ எனப்படும் பெரிய துளைத் துப்பாக்கியில் தொடங்கியது அது. தோள் ஒரு வாரம் கன்றிக் கிடந்ததாம். "அதுல சுட்டா ரவை முன்னாடி போகுது, நான் பின்னாடி போறேன்" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த, பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் அமெரிக்க அம்மையார், தம்முடைய மெல்லிய துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொல்லியிருக்கிறார். வேட்டைத் துப்பாக்கிகளிலேயே மிகச் சிறிய துளை கொண்டது, ஃபோர்‌-டென் என்பார்கள். தோளைச் செல்லமாகத் தட்டுவதுபோலத்தான் உதைக்கும். முதல் நாளே நான்கு தட்டுகள் பொடியாகின. அண்ணி அதைப் பிறகு விடவேயில்லை. அந்த அம்மையாரை நாங்கள் டீச்சர் என்றே அழைத்தோம்.

சின்னத் துப்பாக்கியில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் தோட்டா சுண்டுவிரல் பருமன். உள்ளே இருக்கும் ஈய ரவை பெரியதில் இருப்பதில் பாதிகூட இல்லை. ஆனால் விலை மட்டும் அதைவிட அதிகம். வாங்குவோர் குறைவு என்பதால் தயாரிப்பதும் குறைவு. பெரிய கடைகளில் பன்னிரண்டு போர் தோட்டாக்கள் அரிசி மூட்டைபோல் அடுக்கியிருக்கும்; ஃபோர்‌-டென் கேட்டால் விற்பனையாளர் கீழ்த் தட்டில் குனிந்து தேடுவார். இதற்காகவே அண்ணி ஃப்ரீவேயை விட்டு இறங்கிச் சிற்றூர்களின் இரும்புக் கடைகளுக்குப் போவார். பத்து ஆண்டுகளாக அலமாரியில் கிடந்து, விலைச்சீட்டு மாற்றப்படாத பெட்டிகள் அங்கேதான் கிடைக்கும். அப்படி ஒருமுறை விவசாயக் கருவிகள் விற்கும் கடையில் ஆறு பெட்டிகள் கிடைத்தபோது, தீபாவளித் தள்ளுபடியில் பட்டுப்புடவை எடுத்தவரின் முகத்தோடு வீடு வந்து சேர்ந்தார். ஆனால் தேடலுக்கு ஓர் எல்லை உண்டு. வாரம் நூறு தட்டுகள் சுடுகிறவருக்கு அது போதாது.

ஆகவே அவர் தாமே நிரப்பத் தொடங்கினார். மைதானத்தில் எல்லோரும் காப்பிக்குப் போனதும், புல்லில் கிடக்கும் வெற்றுக் கூடுகளைக் குனிந்து பொறுக்குவார். செய்தித்தாள் விளம்பரம் பார்த்து, கைப்பிடியை இழுத்து இறக்கி வேலை செய்யும் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி காரேஜ் மேசையில் திருகி வைத்தார். சுட்டுத் தீர்ந்த கூட்டின் அடியில் தீப்பொறி கிளப்பும் புதிய கேப்பு, அதன்மேல் அளந்த வெடிமருந்து, ரவையைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், பிறகு ரவை, கடைசியில் வாயை மடித்து மூடுவது. மருந்துக் கடை ஒழுக்கம் முழுவதும் அந்த மேசையில் இருந்தது. நிரப்பும்போது வானொலி கிடையாது, பேச்சு கிடையாது. தராசை ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பார். ஒவ்வொரு பெட்டியிலும் தேதியும் மருந்தின் பெயரும் எழுதி ஒட்டுவார்.

எனக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை. துப்பாக்கிச் சூட்டில் மகனை இழந்த தாய் ஒருவர் எங்கள் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் நான் அவரைப் பற்றிப் பேசுவேன், வீட்டுக்குள் ஆயுதம் வைப்பதன் பொறுப்பைப் பற்றிப் பேசுவேன், ரசம் ஆறிப்போகும். அண்ணி வாதாடியதில்லை. நான் சொன்னதில் நியாயமிருக்கிறது என்றார். இரும்பு அலமாரி வாங்கி எல்லாவற்றையும் பூட்டினார். பிறகு ஒருநாள் இரண்டாவது சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது உன்கிட்ட இருக்கட்டும். வாரா வாரம் திறந்து பாரு. நான் ஒழுங்கா இருக்கேனான்னு நீயே செக் பண்ணு."

"வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வந்தாச்சு. எனக்கும் சேர்த்து ஒரு லைசன்ஸ் போட்டுக் குடுங்க, மேடம்" என்றான் அண்ணன்.

அவன் கிண்டலை நான் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சாவி எனக்குப் பெருமையாக இருந்தது. என் கொள்கைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்றே எண்ணினேன். புதன்கிழமைதோறும் வேலையிலிருந்து வந்ததும் அலமாரியைத் திறந்து, எண்ணிக்கை பார்த்து, பூட்டுவேன்.

அப்படி ஒரு புதன்கிழமை, மேல்தட்டில் வெடிமருந்து டப்பாக்கள் இரண்டு திறந்தநிலையில் இருப்பதைப் பார்த்தேன். ஒன்று முக்கால்வாசி நிறைந்தது. சற்றுச் சிறியதான இன்னொன்றின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். இரண்டும் ஒரே நிறுவனத்தின் டப்பாக்கள். உள்ளே இருந்தது இரண்டிலும் கருஞ்சாம்பல் நிறம், கடுகைவிடச் சிறிய துணுக்குகள். திறந்த டப்பா ஒன்று குறைந்தால் ஆபத்து அந்த அளவுக்குக் குறையும் என்று தோன்றியது. நம் வீடுகளில் பருப்பு டப்பாவில் புதுப் பொட்டலத்தைக் கொட்டும் கை, யோசித்துச் செய்வதில்லை. மிச்சத்தை நிறைந்ததில் கொட்டினேன். மட்டமாகும் வரை மேசையில் இரண்டு தட்டு தட்டினேன். காலி டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்தவளாக இரவுச் சமையலுக்குப் போனேன்.

அடுத்த புதன்கிழமை நிலையத்தில் வேலை அதிகமாக இருந்ததால், அந்த வாரப் பரிசோதனை சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அண்ணி மைதானத்துக்குப் போயிருந்தார். அண்ணன் காருக்கு ஆயில் மாற்றப் போயிருந்தான். டப்பாவை எடுத்துப் பார்த்தபோது, அது வரை ஒருமுறைகூடப் படிக்காத சீட்டைப் படித்தேன். மருந்தை அதன் சொந்த டப்பாவைத் தவிர வேறெதிலும் வைக்கக் கூடாது; வேறெந்த மருந்தோடும் கலக்கக் கூடாது. நிரப்பும் மேசையில் இருந்த கையேட்டைப் புரட்டினேன். நான் கொட்டியது, அண்ணி புதிதாக வாங்கியிருந்த இன்னொரு துப்பாக்கிக்கான வேகமாக எரியும் மருந்து. அது போய்ச் சேர்ந்த டப்பாவில் இருந்தது, ஃபோர்‌-டென்னுக்கான மெதுவாக எரியும் மருந்து. வேகமான மருந்து கலந்தால் அழுத்தம் எகிறிக் குழாயே வெடிக்கலாம் என்றிருந்தது. இரண்டு நாள் முன்பு, வியாழன் மாலை, அண்ணி ஃபோர்‌-டென் தோட்டாக்களைப் பெட்டி பெட்டியாக நிரப்பியதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். ஒரு பெட்டியை டீச்சர் எடுத்துப் போனதையும் பார்த்திருந்தேன்.

அந்தப் பத்து நிமிடம் நான் என்ன செய்தேன் என்பது தெளிவாக நினைவிருக்கிறது. எதுவும் நடக்காமலும் போகலாம் என்று முதலில் எண்ணினேன். பிறகு, "மருந்து ஏதோ வித்தியாசமாகத் தெரிகிறது, சுட வேண்டாம்" என்று மட்டும் சொல்லலாமா என்று பார்த்தேன். அது போதும், ஆபத்து நீங்கும்; ஆனால் நான் அதில் இருக்கமாட்டேன். அண்ணனின் சிரிப்பு காதுக்குள் கேட்டது. சாப்பாட்டு மேசையில் நான் பேசிய ஒவ்வொரு பேச்சும் கேட்டது. நான் தப்பித்துவிடும்படியான ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம், மைதானத்தில் சுடுவோரின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

மைதான அலுவலகத்தை அழைத்து, அவசரம் என்று சொல்லி, அண்ணியைக் கூப்பிட வைத்தேன்.

"என்ன? அண்ணனுக்கு ஏதாவதா?"

"இல்ல அண்ணி. சுட்டுட்டீங்களா?"

"அடுத்தது நான்தான். ஏன்?"

"சின்ன டப்பாவுல இருந்த மருந்தை ஃபோர்‌-டென் டப்பாவுல கொட்டிட்டேன். நான்தான் கொட்டினேன்."

"எப்ப?"

"போன வாரம், புதன்கிழமை."

"சரி. வாசல்ல வந்து நில்லு. வழியிலதான் வீடு. டீச்சர் வீட்டுக்குப் போகணும்."

டீச்சர் தொலைபேசியை எடுக்கவில்லை. நகரத்துக்குக் கிழக்கே, ஏரியைத் தாண்டி, ஒரு சிறிய பண்ணையில் தனியாக வாழ்ந்தவர் அவர். அங்கேயே தட்டெறியும் கருவியும் வைத்திருந்தார். முக்கால் மணி நேரப் பயணத்தில் அண்ணி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கேள்விகள் மட்டும் கேட்டார்.

"சின்ன டப்பாவுல எவ்வளவு இருந்துச்சு?"

"ஒரு உள்ளங்கை அளவு."

"யாரோட உள்ளங்கை?"

"என்னோடது."

"குலுக்கினியா?"

"தட்டினேன். ரெண்டு தடவை."

அதன்பிறகு அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. கணக்குப் போடுகிறாரா, ஜெபிக்கிறாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பண்ணைக்குள் கார் நுழைந்தபோது சத்தமே இல்லை. வெடிச் சத்தம் கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. அண்ணி காரை நிறுத்திய பிறகும் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. பிறகு கொட்டகை வாசலில் டீச்சரின் தொப்பி தெரிந்தது. துப்பாக்கியை மேசையில் கிடத்தி, கையில் ஒரு நீண்ட மரக் குச்சியோடு நின்றிருந்தார். மூன்று சுட்டாராம். முதல் இரண்டும் வழக்கத்தைவிடப் பலமாக உதைத்தனவாம். தமக்கு வயதாகிறது என்று நினைத்தாராம். மூன்றாவதன் கூடு உள்ளேயே இறுகிப்போய் வெளியே வரவில்லை. அதைத் தட்டி எடுத்துவிட்டு, மீதி இருபத்திரண்டையும் மதிய உணவுக்குள் முடித்துவிட எண்ணியிருந்தார்.

அண்ணி ஓர் அடி பின்வாங்கி, என்னை முன்னால் விட்டார். என்னை ஏன் அழைத்து வந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் சொன்னேன்: கலந்தது நான், படிக்காமல் கலந்தேன், தெரிந்த பிறகும் அழைக்கப் பத்து நிமிடம் தயங்கினேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு யாரிடமாவது இந்தத் தோட்டாக்கள் போயிருக்கின்றனவா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, குழாய்க்குச் சேதமில்லை என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவர் சொல்லும்வரை அதைத் தொடப்போவதில்லை என்றார். சேதமில்லை என்று பிறகு தெரிந்தது.

அன்று மாலை அண்ணியும் நானும் காரேஜில் உட்கார்ந்து ஐந்து பெட்டித் தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகக் கத்தியால் பிரித்தோம். சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் அதையே எதிர்பார்த்தேன். தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. எடையைச் சரிபார்த்தவர், டப்பாவில் மருந்து தாம் விட்ட அளவிலேயே இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மருத்துவமனையில் அப்படி விட்டிருப்பேனா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். இரண்டு பெட்டிகள் முடிந்த பிறகு, என் மேல் கோபமில்லையா என்று கேட்டேன்.

"கோவம் இருக்கு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார், கையிலிருந்த தோட்டாவைப் பார்த்தபடியே. "ஆனா போன் பண்ண பத்து நிமிஷம் ஆச்சுன்னு சொன்னே இல்ல, அதை நீ சொல்லாம விட்டிருக்கலாம். இப்ப நான் கத்தினேன்னு வெச்சுக்கோ, அடுத்த தடவை அது அரை மணி நேரம் ஆகும். எங்க பார்மஸியில தப்பு நடந்தா யாருன்னு முதல்ல கேக்க மாட்டோம். எப்ப, எவ்வளவு, யாருக்குப் போச்சு, அவ்வளவுதான். யாருங்கிறதை அவங்களே வந்து சொல்லணும்."

ஆண்டுகள் பல கடந்துவிட்டன. வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற என் கருத்தை இன்றும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. சந்திக்கும்போதெல்லாம் அண்ணியிடம் சொல்கிறேன், அவரும் கேட்டுக்கொண்டு அடுத்த சனிக்கிழமை சுடப் போகிறார். கருத்து சரியாக இருப்பவர் கையும் சரியாக இருக்கும் என்று மட்டும் நான் இப்போது நம்புவதில்லை.

அந்தச் சம்பவத்துக்கு இரண்டு மாதம் கழித்து, எங்கள் நிலையத்தில் ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்களின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் மாறிப் போயின. உறையில் போட்டு அனுப்பியவள் நான். மேலாளர் அறைக்குப் போவதற்கு முன்பே இரண்டு பெண்களையும் தொலைபேசியில் அழைத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அதன் பிறகு எங்கள் நிலையத்தில் அது விதியாயிற்று: தவறு செய்தவரே, தெரிந்த உடனே, பாதிக்கப்படக்கூடியவரை அழைத்துச் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது.