நாலணா ராணியின் முதுகு

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே மோசடியை ஒன்பது வயதில் செய்தேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிபட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், இருந்தாலும்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, கோயமுத்தூரில் எங்களோடுதான் இருந்தாள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாமென்று வீட்டில் எல்லோரிடமும் சண்டை போட்டு ஜெயித்தவள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய ஸ்டாம்பு வாங்குவாள். ஊரில் ஸ்டாம்பு சேர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதில் ஒரே பெண் அவள்தான்.

மற்றவர்கள் ஸ்டாம்பின் முகத்தைப் பார்த்து ஆகா என்பார்கள். அத்தை கையில் வாங்கியதும் திருப்பிப் போட்டு முதுகைப் பார்ப்பாள். "பழைய ஸ்டாம்பு முத்திரை படாம கெடைக்கறது பெருசில்லீங்க. அன்னைக்குத் தடவுன கோந்து அப்படியே இருக்குதான்னு பாருங்க. நம்மூரு மழைக்கும் புழுக்கத்துக்கும் தப்பிச்ச கோந்துதானுங்க அபூர்வம்" என்பாள். கோந்து போன ஸ்டாம்புக்குப் புதுசாகத் தடவி, பழசு என்று ஏமாற்றுகிறவர்களும் உண்டு. ஸ்டாம்பின் ஓரத்துப் பற்களில் விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தே அத்தை அதைக் கண்டுபிடித்துவிடுவாள். பழைய கோந்தென்றால் பல் மெத்தென்று இருக்கும். புதுசு என்றால் பல்லில் இறங்கி விறைத்து நிற்கும்.

சங்கத்தில் பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்த ஸ்டாம்பை ஒருநாள் அப்படித்தான் எல்லோர் முன்னாலும் "புதுக் கோந்துங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அம்மணி பொண்ணு பாக்கப் போனாலும் முதுகத்தான் பாப்பாங்களாட்ட இருக்குது" என்று அவர் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

சங்கத் தலைவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. இனி எது அசல், எது போலி என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை அத்தைக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். அத்தை வாய்விட்டு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள். கூட்டத்தில் காட்டுவதற்குத் தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியானதை எடுத்து வைத்தாள். கறுப்பு நிற நாலணா, ராணி தலை, நூற்றைம்பது வருஷத்துப் பழசு.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு வேலை உண்டு. பழைய கவர்களில் வெட்டியெடுத்த ஸ்டாம்புகளைத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறப்போட்டு, கிழியாமல் உரித்து, பேப்பரில் காயவைக்க வேண்டும். "எங்க கண்ணோட கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று அத்தை சொல்லிச் சொல்லி எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. கூட்டத்தன்று காலை அத்தையும் அப்பாவும் பூசைக்குப் போயிருந்தார்கள். எனக்குச் சளி, அதனால் வீட்டில். அம்மா சமையலறையில். மேசையில் சின்னக் கவருக்குள் நாலணா ராணி. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், முதுகெல்லாம் பழுப்பு. இவ்வளவு பெரிய நாளில் இப்படி அழுக்கோடு போகலாமா? கிண்ணத்தில் போட்டேன்.

பழுப்பு வழவழவென்று கரைந்து போனது. தாள் வெள்ளை வெளேரென்று வந்தது. ஒரு நிமிஷம் பூரித்துப் போனேன். அப்புறம்தான் அத்தை ஓயாமல் சொல்கிற கோந்து அதுதானோ என்று உறைத்தது. அடக் கடவுளே! புத்தகப் பையில் கோந்து பாட்டில் இருந்தது. ஸ்டாம்பைக் காயவைத்து, விரலால் தடவி, மறுபடியும் ஃபேனுக்கடியில் காயவைத்து, இருந்த கவரிலேயே வைத்துவிட்டேன். அச்சு அசல் பழையது போலவே இருந்ததாக நினைத்துக்கொண்டேன். பூசையிலிருந்து வந்த அத்தை அவசர அவசரமாகச் சேலை மாற்றி, கவரை அப்படியே பையில் போட்டு, அடம் பிடித்த என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கூட்டத்தில் அத்தை எழுந்து நின்று, கவரைப் பிரித்து, இடுக்கியால் ஸ்டாம்பை எடுத்தாள். வழக்கம்போல் திருப்பினாள். அவள் கை அப்படியே நின்றது. அதற்குள் கொப்பரை வியாபாரி பக்கத்தில் வந்து வாங்கிக்கொண்டார். பற்களில் விரலை ஓட்டினார்.

"ஏனுங்க டீச்சர், பல்லெல்லாம் வெறைச்சு நிக்குதுங்களே. புதுக் கோந்துங்களா?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். நான் பிசுபிசுத்த விரலைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்ததாக எனக்கு ஞாபகம். இரண்டு நொடிகூட இருந்திருக்காது.

"ஆமாங்க" என்றாள். "நான்தானுங்க தடவுனேன்."

எனக்கு ஒரே குழப்பம். அத்தையும் தடவினாளா? அப்படியென்றால் அது தப்பான காரியமில்லை போலிருக்கிறது. பெரிய நிம்மதி. அத்தைக்குப் பொறுப்புக் கொடுக்க எழுதி வைத்திருந்த தாளைத் தலைவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அத்தை ஸ்டாம்பை வாங்கிக் கவரில் போட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

பேக்கரியில் எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள். டீ மாஸ்டரிடம் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டு வாங்கி, என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டாள். "கோந்து வெந்நீருல போயிரும் கண்ணு" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இன்று எனக்கு இவ்வளவு வலிக்காது.

தடவி மறைத்ததை அசல் என்று காட்டுகிறவர்களுக்கு ஸ்டாம்பு உலகத்தில் என்ன பேர் என்பது எனக்குத் தெரிய இன்னும் பத்து வருஷம் ஆனது. அத்தை, குழந்தை செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தச் சங்கத்துக்குப் போகவும் இல்லை.

அன்று அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? வீட்டு வாசலிலேயே அப்பா காத்துக்கொண்டிருந்தார். "போன காரியம் என்னாச்சு?" என்றார். அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு ஓடினேன்.

"அப்பா, ஹால்ல எல்லாரும் அத்தையவேதான் பாத்தாங்க! ஒருத்தருகூட வேற பக்கம் திரும்பல!"

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "என் தங்கச்சின்னா சும்மாவா?" என்று உள்ளே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார். அத்தை வாசற்படியில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரமாகியும் நிமிரவில்லை. வார் மாட்டிக்கொண்டது போல என்று நான் உதவிக்கு ஓடினேன்.